அக்கா வாங்கிய இளமை மாத்திரையும் டப்பா மேல் இருந்த இரண்டு சுண்டெலிகளும்

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கத் தி.நகருக்குப் போன என் அக்கா, இரண்டு சுங்குடிப் புடவைகளோடு மூன்று மாத்திரை டப்பாக்களையும் வாங்கிக்கொண்டு வந்தாள். பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கும் கடை. சத்து மாவு, புரதப் பொடி, மூட்டுவலித் தைலம் எல்லாம் விற்கிறார்கள். வாசலில் பெரிய பலகை: ‘வயதைத் திருப்புங்கள். 90 நாளில் வித்தியாசம் தெரியும்.’ டப்பா ஒன்று 2,400 ரூபாய், மூன்றாக வாங்கினால் 6,600. அக்காவுக்கு 68 வயது. அத்தானின் ஓய்வூதியத்தில் ஓடும் வீடு. 6,600 ரூபாய் என்றால் அவர்களுக்கு ஒரு மாதத்து மளிகையும் பாலும் மின்கட்டணமும்.

கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. மாத்திரையைப் பற்றியும், அதை விற்ற விதத்தைப் பற்றியும் எழுதுகிறேன். உள்ளே இருப்பதாக டப்பா சொல்லும் சரக்கு நிகோடினமைடு மோனோநியூக்ளியோடைடு என்ற, வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த ஒரு பொருள், சுருக்கமாக என்.எம்.என். ஒரு மாத்திரையில் 250 மில்லிகிராம், டப்பாவுக்கு 30 மாத்திரைகள்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். தென்சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் அனிமல் ஹவுஸில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விஞ்ஞானி இல்லை. கூண்டு கழுவுவது, உமியை ஆட்டோகிளேவில் வேகவைத்துப் பரப்புவது, தீனி நிறுப்பது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, எடை எடுத்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கடைசிப் பத்து வருடம் முதுமையைப் பற்றிய ஆய்வுகளுக்கான எலிகள் என் பொறுப்பில் இருந்தன. மற்ற ஆய்வுகள் ஆறு வாரத்திலோ மூன்று மாதத்திலோ முடிந்துவிடும். முதுமை ஆய்வில் எலி கிழடாகும்வரை காத்திருந்தே தீர வேண்டும். சுண்டெலிக்கு அது இரண்டு, இரண்டரை வருடம். அவசரப்படுத்த வழியே கிடையாது.

ஆகவே அக்கா டப்பாவை மேசை மேல் வைத்ததும் என் கண் அதன் மேலிருந்த படத்தில்தான் போய் நின்றது. இரண்டு கறுப்புச் சுண்டெலிகள். இரண்டுக்கும் வயது 24 மாதம் என்று போட்டிருந்தார்கள். இடப்பக்கத்து எலி மாத்திரை சாப்பிடாதது, வலப்பக்கத்து எலி சாப்பிட்டதாம்.

இடப்பக்கத்து எலிக்கு மீசை இல்லை. மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் நெற்றியிலும் வழித்துவிட்டாற்போல் மொட்டை. தோலில் புண் இல்லை, சிவப்பு இல்லை. மொட்டை முடிந்து ரோமம் தொடங்கும் ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. கிழட்டு எலிக்கு முடி இப்படிப் போகாது. அதற்கு உடம்பு முழுக்க ரோமம் மங்கிச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், அங்கங்கே நரைக்கும், முதுகு கூனிவிடும், தடவினால் முதுகெலும்பு விரலில் தட்டும், சிலவற்றுக்குக் கண்ணில் பால் படர்ந்ததுபோல் இருக்கும். படத்தில் இருந்த மொட்டை வேறு வகை. ஒரே கூண்டில் இருக்கும் எலிகளில் ஒன்று மற்றதன் மீசையையும் முகத்து முடியையும் கடித்துப் பிடுங்கிவிடும். சி57 பிளாக் 6 என்னும் இந்தக் கறுப்பு இனத்தில் அது மிகச் சாதாரணம். எங்கள் இடத்தில் அதற்கு ‘பார்பரிங்’ என்று பெயர். நாலு மாத எலிக்கும் வரும். கூண்டுத் துணையை மாற்றிவிட்டால் பல சமயம் முடி திரும்ப முளைத்துவிடும்; பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வேறு கூண்டில் விடுவோம்.

வலப்பக்கத்து எலி ஒல்லியாக, ரோமம் எண்ணெய் தடவினாற்போல் மின்ன, காது விறைத்து நின்றது. என் கண்ணுக்கு அது மூன்று மாதத்து எலி. இரண்டும் ஒரே வயது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிடுங்கப்பட்ட மீசையை முதுமை என்று காட்டித்தான் என் அக்காவிடம் 6,600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளில் ‘அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எலிகளில் நிரூபிக்கப்பட்டது’ என்று இருந்தது. அப்படி ஓர் ஆய்வு உண்மையாகவே உண்டு. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஐந்து மாதச் சுண்டெலிகளுக்குப் பன்னிரண்டு மாதம் குடிநீரில் என்.எம்.என். கலந்து கொடுத்தார்கள். வயதோடு ஏறும் எடை குறைந்தது, உடலின் ஆற்றல் செலவு கூடியது, இன்சுலின் நன்றாக வேலை செய்தது. நல்ல ஆய்வு. ஆனால் அந்த எலிகள் எத்தனை நாள் வாழ்ந்தன என்பது அதில் அளக்கப்படவில்லை. ‘ஆயுள் நீளும்’ என்று தாளில் இருக்கும் வரிக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை.

அளவையும் பாருங்கள். அந்த எலிகளுக்குக் கொடுத்தது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், இன்னொரு கூட்டத்துக்கு 300. சுண்டெலிக்குக் கொடுக்கும் அளவை மனிதருக்கு மாற்ற வழக்கமாக 12.3ஆல் வகுப்பார்கள், ஏனென்றால் சிறிய உடம்பு எல்லாவற்றையும் வேகமாக எரிக்கிறது. அக்கா 58 கிலோ. கணக்குப்படி சின்ன அளவே அவளுக்கு 470 மில்லிகிராம் வரும், பெரிய அளவு 1,400. மாத்திரையில் இருப்பது 250. இதைப் படித்துவிட்டு யாரும் நாலைந்து மாத்திரை விழுங்கிவிடாதீர்கள். எலிக்குக் கொடுத்த அளவையும் சொல்லாமல், நமக்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிடவும் செய்யாமல் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

மனிதரில் செய்ததும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. 2021இல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நின்ற, எடை கூடிய, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 25 பெண்களில் ஒரு பாதிக்கு இதே 250 மில்லிகிராம் பத்து வாரம் கொடுத்தார்கள். தசைகள் இன்சுலினுக்கு இணங்குவது கூடியது. வயது குறைந்ததாக அதில் எவரும் சொல்லவில்லை.

ஆயுளை உண்மையாகவே அளக்கும் இடம் வேறு. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் நடத்தும் ஒரு சோதனைத் திட்டம் இருக்கிறது. எங்கள் இடத்து ஆய்வாளர் ஒருவர் அதைப் பற்றித் தேநீர் வேளையில் மணிக்கணக்கில் சொல்லுவார், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம், மிச்சிகன் பல்கலைக்கழகம், சான் அன்டோனியோவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் என மூன்று இடங்களில், ஒரே மருந்தை, ஒரே சமயத்தில் சோதிப்பார்கள். ஓர் இடத்துத் தண்ணீரோ தீனியோ ஆளோ ஏமாற்றினாலும் மற்ற இரண்டு இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். எலிகளும் ஒரே அச்சில் வார்த்த இனம் கிடையாது. நாலு இனங்களைக் கலந்து பிறந்தவை, அண்ணன் தம்பிகள் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு விதம். ஓர் இனத்துக்கு மட்டும் இருக்கும் நோய் கணக்கைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக அப்படி.

அந்தத் திட்டத்தில் என்.எம்.என்.னுக்கு நெருங்கிய உறவான நிகோடினமைடு ரிபோசைடைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ராலும் கூட்டவில்லை. பச்சைத் தேயிலைச் சாறும் கூட்டவில்லை. நம் மஞ்சளில் இருக்கும் குர்குமினும் கூட்டவில்லை. இந்த மூன்றின் முடிவும் 2013இல் ஒன்றாக வந்தது. மஞ்சள் செய்தியை அந்த ஆய்வாளர் சொன்ன அன்று எனக்கு மனம் கொஞ்சம் வாடியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடினாலும் அதுதான் முடிவு.

கூட்டிய மருந்தும் உண்டு, ராபமைசின். அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மருந்து தீனியில் கலந்தால் கெட்டுப்போனது. அதை நுண்ணிய உறைகளில் பொதிந்து கொடுக்கும் வழி கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது, நம் கணக்கில் 60 தாண்டிய கிழங்கள். பரவாயில்லை என்று கொடுத்தார்கள். 2009இல் வெளியான முடிவில், பத்தில் ஒன்பது எலிகள் இறந்துபோயிருக்கும் வயது பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் கூடியிருந்தது. வயதான பிறகு தொடங்கினாலும் வேலை செய்யும் என்பது அந்தத் தாமதத்தால் தெரியவந்தது. இதுவும் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற சமாசாரம் கிடையாது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்குவதற்காகக் கொடுக்கும் மருந்து அது.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். திட்டினேன், ஆனாலும் கேட்கவில்லை. “வாங்கியது வாங்கியாகிவிட்டது, சாப்பிட்டுத்தான் பார்க்கிறேனே” என்றாள். அவளுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, “சரி, முறையாகச் செய்வோம்” என்று சொல்லி, தொடங்கும் முன் எடை எடுத்தேன், 58 கிலோ. நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பின் மேல் கட்டச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறாள் என்று எண்ணினேன். ஒன்பது முறை. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தான் தானும் செய்வதாகச் சொன்னார். அவருக்குப் பத்து.

60 நாள் கழித்து அக்காவின் எடை 56 கிலோ 200 கிராம். நாற்காலியிலிருந்து பன்னிரண்டு முறை எழுந்தாள். முகம் பூரித்துப்போய், “பார்த்தாயாடி?” என்றாள்.

பார்த்தேன். ஆனால் மாத்திரைத் தாளை இன்னொரு முறை படித்தேன். ‘காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடவும். இரவு உணவை 7 மணிக்குள் முடிக்கவும். சர்க்கரையைத் தவிர்க்கவும். தினமும் அரை மணி நேரம் நடக்கவும்.’ அக்கா நாலையும் தவறாமல் செய்திருக்கிறாள். இரவு ஒன்பது மணித் தொடரைப் பார்த்தபடி சாப்பிடும் நாலு இட்லி, ஏழு மணிக்கு இரண்டாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு அயோத்தியா மண்டபம்வரை போய்த் திரும்புகிறாள். தனியாகப் போக வேண்டாம் என்று அத்தானும் கூடவே நடக்கிறார். அவளுக்கு ஏழு மணிக்கு என்றால் அவருக்கும் ஏழு மணிக்குத்தான் இலை விழுகிறது. மாத்திரை மட்டும் அவர் தொடவில்லை. அத்தானை உட்கார வைத்து எண்ணினேன். பதின்மூன்று.

இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அனிமல் ஹவுஸில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இது. மருந்து கலந்த தீனி கசந்தால் எலி குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றாலே ஆயுள் கூடிவிடும். 1935இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே எலிகளுக்குச் சத்துக் குறையாமல் தீனியை மட்டும் குறைத்துக் காட்டியது அது. மருந்து ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம், வயிறு காய்ந்ததுதான் வேலை செய்திருக்கும். அதனால்தான் தினமும் தீனியை நிறுத்துப் போட்டு, மறுநாள் மிச்சத்தையும் நிறுத்து எழுதினோம். கூண்டின் அடியில் உமியோடு கலந்து கிடக்கும் துணுக்குகளைக்கூடச் சலித்து எடுத்து நிறுப்போம். கண் எரியும், அம்மோனியா வாடை முகத்தில் அடிக்கும், ஆனாலும் சலிப்போம்.

குரங்குகளில்கூட இதே சிக்கல் வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குகளுக்கு உணவைக் குறைத்தபோது நல்ல பலன் தெரிந்தது என்று 2009இல் எழுதினார்கள். தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் குரங்குகளில் ஆயுள் கூடவில்லை என்று 2012இல் முடிவு வந்தது. விஸ்கான்சின் குரங்குகளின் தீனியில் சர்க்கரை மிக அதிகம், கட்டுப்பாடு இல்லாத கூட்டம் வேண்டுமட்டும் தின்றது. எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

மாத்திரைக்கு என்று சொல்ல வேண்டிய நல்லதையும் சொல்லிவிடுகிறேன். டப்பா நன்றாக அடைத்து வந்தது, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக இருந்தன, அக்காவுக்கு வயிற்றுக் கோளாறு எதுவும் வரவில்லை. அவ்வளவுதான்.

மூன்றாவது டப்பாவைப் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க அக்காவும் நானும் போனோம். பலகையில் ‘திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்று இருந்தது. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘15 நாட்களுக்குள்’ என்று இருந்ததை அப்போதுதான் பார்த்தோம். 90 நாளில் பலன் தெரியும் என்று விற்கும் பொருளுக்கு 15 நாளில் எப்படி ஒருவருக்குத் திருப்தி இல்லை என்று தெரியும்? கேட்டேன். கழுத்துப் பட்டை கட்டிய இளைஞர், “எலிக்கும் மனிதருக்கும் ஜீன் ஒன்றுதான் மேடம், வெளிநாட்டில் எலிகள் இரண்டு மடங்கு காலம் வாழ்கின்றன” என்றார். இரண்டு மடங்கு வாழ்ந்தது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு புழு. சிந்தியா கென்யன் 1993இல் சீ. எலெகன்ஸ் என்ற புழுவில் ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்துக் காட்டினார். சில வாரங்களே வாழும் புழு அது. மாத்திரையால் வந்ததும் இல்லை. இளைஞரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கல்லாவில் இருந்த பெண்ணிடம் டப்பாவைக் காட்டி, “இந்த எலிகளுக்கு உண்மையில் என்ன வயது அம்மா?” என்றேன். அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியவில்லை அம்மா. கம்பெனியிலிருந்து இப்படியேதான் வருகிறது” என்றாள். பிறகு மேலாளரிடம் தானே போய்ப் பேசி, 2,000 ரூபாய்க்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அக்கா சத்து மாவும் பேரீச்சம்பழமும் வேர்க்கடலையும் எடுத்தாள். ஐந்து நட்சத்திரத்தில் நான் கொடுக்கும் ஒன்று அந்தப் பெண்ணுக்கு உரியது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அக்கா பஸ்ஸில் கேட்டாள். பணம் மட்டும் காரணம் இல்லை. எங்கள் இடத்தில் ஓர் எலியைத் தொட வேண்டுமென்றால் முதலில் நெறிமுறைக் குழு கூட வேண்டும். இத்தனை எலி எதற்கு, குறைக்க முடியாதா, எலி இல்லாமல் செய்ய முடியாதா, வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. 1960ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தந்த பிடி அது. அந்தச் சட்டத்துக்கு வழி போட்டவர் நம் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி. மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடினார். எண்ணிக் கணக்குக் காட்டி, அனுமதி வாங்கி, இரண்டரை வருடம் வளர்த்து, ஒவ்வொன்றும் செத்த நாளைக்கூட எழுதி வைத்து எடுப்பதுதான் எலி ஆய்வின் முடிவு. அந்த உயிர்கள் கொடுத்த பதில் ‘கூடவில்லை’ என்றால், டப்பாவில் ‘கூடும்’ என்று அச்சடிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. அப்போது இருபது மாதம் தாண்டிய சுண்டெலிகள் எங்களிடம் இருந்தன. நானும் இன்னும் இரண்டு பேரும் கூண்டு கூண்டாக மாடிக்குத் தூக்கினோம். இருட்டு, படியில் வழுக்கல். கிழட்டு எலிகளைக் குலுக்கக் கூடாது என்று கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். அவற்றில் ஒன்றை எல்லோரும் ‘பாட்டி’ என்று கூப்பிடுவோம். வால் அடியிலும் இடது தொடையிலும் பிக்ரிக் அமிலத்தின் மஞ்சள் பொட்டு, அதுதான் அதன் அடையாளம். பல் தேய்ந்து தீனிக் கட்டியைக் கடிக்க முடியாமல் போனபோது, கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துச் சின்னக் கிண்ணத்தில் கூண்டின் தரையிலேயே வைப்பேன். முன்னங்கால் இரண்டையும் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துக்கொண்டு, மூக்கில் ஒட்டிக்கொள்ளச் சாப்பிடும். சாப்பிட்டு முடித்து மூக்கைத் துடைத்துக்கொள்ளும் அழகை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கூண்டுக்குப் போவேன்.

பஸ் துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டும்போது அக்கா கேட்டாள், “அந்தப் பாட்டி எத்தனை நாள் இருந்தது?”

“ஆயிரத்துப் பன்னிரண்டு நாள். என் கையில் அவ்வளவு நாள் இருந்த எலி வேறு இல்லை.”

“அதற்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?”

“அது மருந்து கொடுக்காத கூட்டத்து எலி அக்கா” என்றேன்.